துடைக்காத எண்

லீலாவின் வேலை அப்போது இன்னும் அவளுடையதாக ஆகியிருக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது புரியும்.

ஆரணியில் பட்டு நெசவாளர் கூட்டுறவு ஒன்றியத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் டேப் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவள் கணவர் முருகேசன். எண்பத்தைந்தாம் வருஷம் பங்குனியில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். சித்திரைக் கடைசியில் அந்த வேலை கருணை அடிப்படையில் லீலாவுக்குக் கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம். அதன் பிறகு மேனேஜர் திருப்தியாக இருக்கிறது என்று எழுதினால் நிரந்தரம்; இல்லையென்றால் குடும்பத்தில் வேறொருவருக்குப் போகலாம். முருகேசனின் தம்பி சடையப்பன் ஒரு மனுவை முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தான். ஒரு சாவுக்கு ஒரு வேலைதான்.

சடையப்பன் கெட்டவன் இல்லை. கூலிக்குத் தறி நெய்துகொண்டிருந்தான். பள்ளியிறுதி வரை படித்தவன். சேவூரில் அதே வீட்டில்தான் அவனும் அவன் மனைவி தனகோடியும் லீலாவும் இருந்தார்கள். காலையில் தனகோடி சோறு கட்டிக் கொடுப்பாள். லீலா வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். என்ன குழம்பு என்று யாராவது கேட்டால் டப்பாவை இன்னொரு முறை பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவள் அழவில்லை என்பதைப் பற்றித் தெருவில் இரண்டு விதமாகப் பேசினார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்தன. எதற்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

டேப் அறையில் சுவரோரமாக நான்கு பெட்டிகள் நின்றன. ஒவ்வொன்றும் பீரோ உயரம். கண்ணாடிக் கதவைத் திறந்து டேப் சக்கரத்தை மாட்டினால் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும், அல்லது அதில் எழுதும். சக்கரத்தின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. வளையம் இருந்தால் எழுத முடியும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். லீலாவுக்கு அந்த அறை பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே குளிராக இருந்தது. யாரும் ஆறுதல் சொல்ல வரவில்லை.

அதுவரை நான்கு பெட்டிகளில் வாசல் பக்கத்து இரண்டுதான் ஓடின. மற்ற இரண்டும் பாலிதீன் உறை போட்டு நின்றன. விற்பனைப் பிரிவுக்கென்று இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்றைக் கிழக்குப் பக்கத்து அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். டேப் அறை ஒன்று, மெஷின் இரண்டு. அதைப் பிரித்துக் கொடுக்கப் பூஜைக்கு முந்தின வாரம் மெட்ராஸிலிருந்து என்ஜினீயர் வந்தான். அவன் பெயர் அருணகிரி. லீலாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவனாக இருப்பான். பேண்ட் பையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தான்.

ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ஒரு குழி. அந்தக் குழியில் எண் போட்ட பிளாஸ்டிக் பொத்தான் ஒன்றை அழுத்தி மாட்டலாம். இழுத்தால் கையோடு வந்துவிடும். அருணகிரி வாசல் பக்கம், அதாவது மேற்கிலிருந்து ஆரம்பித்து, பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக மாட்டினான். மேனேஜர் பொன்னுசாமி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூஜ்யத்துலயா ஆரம்பிக்கிறது? ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா ஆவாதா சார்?”

“ஆகாது சார்.”

“மங்களமா இல்லியே.”

“கம்ப்யூட்டருக்கு மங்களமும் தெரியாது, கண்ணும் கிடையாது,” என்றான் அருணகிரி. “பெட்டி எந்த மூலையில நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. பூஜ்யம்னு கூப்பிடும். பூஜ்யம் பொத்தான் எந்தப் பெட்டி நெத்தியில இருக்கோ, அது ‘இருக்கேன்’னு சொல்லும். அவ்ளோதான்.”

“இஸ்கூல்ல ஆஜர் எடுக்கிறாப்புல,” என்றான் மாணிக்கவேல். புது மெஷினை இயக்கப்போகிறவன் அவன். தாலி கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது; எதற்கும் சிரித்தான்.

“அதேதான். ஆனா ரெண்டு வாத்தியார். ஒருத்தர் பையனை இன்னொருத்தர் அடிக்கக் கூடாது.”

சுவரில் ஓர் இரும்புப் பெட்டியை அறைந்து, அதற்குள் எண்வாரியாகச் சுவிட்சுகளைத் தள்ளி வைத்தான். பூஜ்யமும் ஒன்றும் பழைய மெஷினுக்கு. இரண்டும் மூன்றும் புது மெஷினுக்கு. பழையது இரண்டைக் கூப்பிட்டால் கிடைக்காது. புதியது பூஜ்யத்தைக் கூப்பிட்டால் கிடைக்காது. பூட்டிச் சாவியைப் பொன்னுசாமியிடம் கொடுத்தான். பிறகு லீலாவைப் பார்த்து, “மேடம், வாசப்பக்கம் ரெண்டும் உங்களுது, அந்தப் பக்கம் ரெண்டும் அவரோடது. கொழப்பமே இல்ல” என்றான். லீலா தலையசைத்தாள்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். “பூஜைக்கு இந்த ரூமுக்குள்ள ஒண்ணும் கொளுத்தாதீங்க சார். கற்பூரப் புகை, விபூதி, மஞ்சத் தண்ணி எதுவும் ஆகாது. ஒரு தூசி போதும், டேப் போயிடும்.”

பொன்னுசாமி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டதால்தான் வந்தது வினை.

அவர் தறி வீட்டில் பிறந்தவர். ஆயுத பூஜைக்குத் தறியைக் கழுவ முடியாது, பாவு நூல் நனைந்துவிடும். அதனால் ஊடை நூலை ஓட்டுகிற நாடாவை மட்டும் கழற்றிச் சாமி முன்னால் வைத்துப் பொட்டு இடுவார்கள். அதே வழியை இங்கேயும் பிடித்தார். டேப் அறைக்குள் புகையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பெட்டிகளின் நெற்றியிலிருக்கிற பொத்தான்களை மட்டும் கழற்றி வந்து, தன் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்துவிட்டால் போதும்.

“நல்ல ரோசனதான் சார்,” என்றாள் காசியம்மாள். ஆபீசைப் பெருக்கித் துடைப்பவள் அவள். சந்தனம் கரைப்பதும் அவள் பொறுப்புதான். “மூஞ்சியக் கழட்டிகினு வந்து மூஞ்சிக்குப் பொட்டு வெச்சாச்சுன்னா, ஒடம்புக்கும் வெச்சாப்புலதான்.”

சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டும் வெளியே வந்தபோது லீலா நாற்காலியிலிருந்து எழுந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவளே எழுந்தாள். பொன்னுசாமி தாம்பாளத்தில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். மாணிக்கவேல் ஊதுபத்தி உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான். அவள் பின்பக்கமாகப் போய் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றாள். காலில் வெயில் பட்டது. நகரலாம் என்று நினைத்தாள், நகரவில்லை. உள்ளே மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காசியம்மாள் காகிதத்தில் பொரி கொண்டுவந்து கையில் திணித்தாள்.

“இங்க இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கற? உள்ள ஃபேன் ஓடுதில்ல.”

“பரவால்லக்கா.”

“பரவால்ல, பரவால்ல… எதக் கேட்டாலும் இதே ஒரு பேச்சு. துன்னு.”

லீலா பொரியைத் தின்றாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும் என்று பொன்னுசாமி விடிந்ததுமே வந்து, பொத்தான்களைப் பெட்டிகளில் மாட்டிவிட்டார். லீலா தன் வழக்கமான பஸ்ஸில் வந்தபோது நான்கு பெட்டிகளும் நெற்றியில் பொட்டோடு நின்றன. காசியம்மாள் சின்னதாக எதையும் செய்யமாட்டாள். பொத்தானின் முகம் முழுக்கச் சந்தனத்தை அப்பி, நடுவில் விரல் அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தாள். ராத்திரிக்குள் அது காய்ந்து இறுகியிருந்தது. எண் ஒன்றும் தெரியவில்லை.

லீலா வாசல் பக்கத்து முதல் பெட்டியின் முன்னால் நின்றாள். விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பூஜ்யம் தெரிந்துவிடும். கையைத் தூக்கவும் செய்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து டேப்பை மாட்டினாள். வாசல் பக்கம் இரண்டும் நம்முடையவை. நேற்று வரைக்கும் அப்படித்தான்.

அவள் மாட்டியது உறுப்பினர் டேப். தீபாவளிக்கு எந்த நெசவாளிக்கு எவ்வளவு பட்டு நூல் ஒதுக்குவது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அன்றைய பதிவுகளைச் சேர்க்க வேண்டியிருந்ததால் வளையத்தோடு மாட்டினாள். கிழக்குக் கோடிப் பெட்டியில் மாணிக்கவேல் புத்தம்புது வெற்று டேப் ஒன்றை மாட்டினான். புது மெஷினின் முதல் வேலையாக அந்த வெற்று டேப்புக்குப் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதினால் அதில் முன்பு என்ன இருந்தாலும் இல்லாததாகிவிடும். வெற்று டேப்பில் என்ன இருக்கப்போகிறது.

பொன்னுசாமி கடிகாரத்தைப் பார்த்தார். “ஜல்தியா ஆரம்பிப்பா. நேரம் தாண்டிடும்.”

மாணிக்கவேல் பக்கத்து அறையில் உட்கார்ந்து மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டான்.

கிழக்குப் பெட்டி அசையவில்லை. லீலாவின் முன்னால் இருந்த பெட்டியில் விளக்கு எரிந்தது, சக்கரம் சுழன்றது. அவள் பார்த்தாள். இது தன் சக்கரம், தான் இன்னும் எதையும் கூப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. யாரோ யாருக்கோ செய்வதைப் பார்ப்பதுபோல் நின்றாள். சக்கரம் கொஞ்சம் முன்னே போயிற்று, பின்னே வந்தது, நின்றது.

“முடிஞ்சுது சார்!” என்று மாணிக்கவேல் அந்த அறையிலிருந்து சத்தம் போட்டான். பொன்னுசாமி கைதட்டினார்.

“என் பெட்டி ஓடிச்சு,” என்றாள் லீலா.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

அழிந்தது உறுப்பினர் டேப். டேப்பில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை வைப்பது வழக்கம். இன்றைய டேப் மகன். முந்தைய நகல் அப்பா. அதற்கும் முந்தையது தாத்தா. மகன் போனால் அப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது மெஷினுக்காகக் கேபிள் இழுத்த நாள்களில் நகல் எடுக்க முடியவில்லை. கடைசி அப்பா பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் எடுத்தது. பெரணமல்லூர், வெம்பாக்கம் பக்கத்துப் பதிவுகள் எல்லாம் அதற்குப் பிறகு சேர்ந்தவை. நெசவாளிகள் கொடுத்த மனுக்கள் பீரோவில் இருந்தன. முதலிலிருந்து உட்கார்ந்து அடிக்க வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. நூல் தாமதமானால் தறி நிற்கும்.

பொன்னுசாமி மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். நான் வருகிற வரைக்கும் எதையும் தொடாதீர்கள் என்றான் அருணகிரி. அதற்குள் விஷயம் சேவூருக்குப் போய்விட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சடையப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அண்ணி, டேப்பு அழிஞ்சுபோச்சாமே. மெய்தானா?”

“ஆமா தம்பி.”

“யார் மேல வருது?”

“தெரியல.”

தனகோடி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அருணகிரி வந்தான். முதலில் பழைய மெஷினில் உட்கார்ந்து பூஜ்யத்தைக் கூப்பிட்டான். கிழக்குக் கோடிப் பெட்டியில் விளக்கு எரிந்தது. எழுந்து வந்து நான்கு நெற்றிகளையும் பார்த்தான். பிறகு எல்லோரையும் மேனேஜர் அறைக்கு வரச் சொன்னான். சடையப்பன் அழைக்காமலே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். அன்று அவன் தறிக்குப் போகவில்லை.

“பொத்தானை யார் மாட்டினது?” என்று கேட்டான் அருணகிரி.

“பூஜ முடிஞ்சு மாட்டினோம்,” என்றார் பொன்னுசாமி.

“சரி. மேடம், டேப் போடறதுக்கு முன்னாடி நம்பரைப் பாத்தீங்களா?”

“தெரியல சார். சந்தனம் இருந்துது.”

“தொடச்சுப் பாத்திருக்கலாமே? ஒரு செகண்ட் வேலை.”

மாணிக்கவேல் ஜன்னலைப் பார்த்தான். பொன்னுசாமி மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார். அருணகிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

“நான் தப்பா ஒண்ணும் கேக்கலியே?”

“ஏன் சார்,” என்றாள் காசியம்மாள். அவள் டீ டம்ளர்களை எடுக்க வந்தவள், எடுக்காமல் நின்றாள். “பூஜைக்கு வெச்ச பொட்ட எவ தொடைப்பா? அதுவும் இந்தப் பொண்ணு தொடைக்குமா? அது கையால குங்குமத்த அழிச்சுதுன்னு நாளைக்கு ஊர்ல பேசமாட்டாங்களா? மெட்ராஸுல இதெல்லாம் இல்லியா?”

அருணகிரி லீலாவின் நெற்றியைப் பார்த்தான். உடனே பார்வையை விலக்கிக்கொண்டான். “சாரி,” என்றான். பிறகு, “பொத்தானைக் கழட்டறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

“இல்ல சார். வெளிய நின்னுகினு இருந்தேன்.”

“மாட்டறப்ப?”

“அப்பவும் இல்ல.”

“ரூம் உங்க பொறுப்புதானே?”

“ஆமா சார்.”

“சார், நான் ஒண்ணு சொல்லலாங்களா?” சடையப்பன் வாசலிலிருந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தான். பொன்னுசாமி தலையசைத்தார். “எங்க அண்ணியப் பத்திக் கொறயா சொல்ல வரலீங்க. அவங்க சொக்கத் தங்கம். ஆனா வருசத்துல அந்த ரூமுக்குள்ள அவங்க இருக்கக் கூடாத நாளுன்னு ஒண்ணு வருதில்லீங்களா? அன்னிக்கு யார் கைல இன்னா மாறுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஆம்பளன்னா இந்தப் பேஜாரே இல்லீங்க. எங்க அண்ணன் இருந்தப்ப இப்படி ஆச்சுங்களா? அந்த மனு… நான் குடுத்தது… அது உங்ககிட்டதான் இருக்குதுங்க.”

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பொன்னுசாமி மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆமோதிக்கிறாரா, யோசிக்கிறாரா என்று தெரியவில்லை.

லீலா பேசினாள். குரல் உயரவில்லை. டப்பாவில் என்ன குழம்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“என்ன யாரும் வெளிய போவச் சொல்லல தம்பி. நானாதான் போனேன். இனிமே போவ மாட்டேன்.”

“ஊர்ல…” என்றான் சடையப்பன்.

“பேசட்டும்.”

அதில் தைரியம் ஒன்றும் இல்லை. ஊர் என்ன பேசினாலும் இந்த ஆறு மாதமாக அவளுக்கு எதுவும் படவில்லை, அவ்வளவுதான்.

அருணகிரி, “எப்படியும் இப்ப நம்பரைப் பாத்தாகணும். சரியா மாட்டாம மெஷினைத் தொட முடியாது” என்றான்.

“வெள்ளிக்கெழமயா இருக்குதே,” என்றார் பொன்னுசாமி. “நாளைக்குக் காலீல…”

“சார், நான் மத்தியான பஸ்ஸுக்குப் போகணும்.” அவன் எழுந்தான். “நானே தொடைக்கிறேன்.”

“நீங்க வாணாம் சார்,” என்றாள் லீலா.

டேப் அறையில் பெட்டிகளைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் பாட்டிலும் வெள்ளைத் துணியும் இருந்தன. அவள் துணியை நனைத்து வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். சந்தனம் முதலில் ஊறவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. குங்குமம் துணியில் இறங்கியது. காசியம்மாள் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

“மூணு,” என்றாள் லீலா.

அடுத்ததற்குப் போனாள். “ரெண்டு.”

பிறகு ஒன்று. கிழக்குக் கோடியில் பூஜ்யம்.

அருணகிரி நெற்றியைச் சுருக்கினான். “கலைஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. அப்படியே தலைகீழா இருக்கே. யாரோ வரிசையாத்தான் மாட்டியிருக்காங்க.”

“கெழக்காலேர்ந்து எண்ணியிருக்காங்க,” என்றான் மாணிக்கவேல். சொன்ன பிறகுதான் யாரைச் சொல்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

பொன்னுசாமி வீட்டில் நான்கு தறி. கிழக்கில் இருப்பது முதல் தறி. அதற்கு மேற்கே இரண்டாவது. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தாலும், பாகம் பிரித்தாலும், கூலிக்கு விட்டாலும் அப்படித்தான் எண்ணுவார்கள். முதலாவதை மேற்கில் வைப்பது என்பது அவர் கைக்கு வராத காரியம். விடியற்காலையில், நல்ல நேரத்தில், சந்தனம் அப்புவதற்கு முன்பே எண் வரிசையில் அடுக்கி வைத்திருந்த பொத்தான்களைத் தாம்பாளத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கிழக்கிலிருந்து மாட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

“நம்ம பக்கம் எல்லாருமே கெழக்காலேர்ந்துதான் எண்ணுவோம்,” என்றார் பொன்னுசாமி.

அவர் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அருணகிரியிடம், “நீங்க எழுதறதுல மேனேஜர் மாட்டினார்னு எழுதிக்கோங்க சார். மாட்டினோம்னு எழுத வாணாம்” என்றார். அப்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“ஆப்பரேட்டர் சரிபாக்கலைங்கறதையும் எழுதணும் சார்.”

“அதையும் எழுதுங்க.”

“எழுதுங்க,” என்றாள் லீலாவும்.

அவள் நான்கு பொத்தான்களையும் கழற்றி, இந்த முறை மேற்கிலிருந்து மாட்டினாள். ஒவ்வொன்றும் உட்காரும்போது சின்னதாக ஒரு சத்தம். அருணகிரி அந்த அறைக்கும் இந்த அறைக்குமாகப் போய் ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்தான். கூப்பிட்டவை கூப்பிட்ட இடத்தில் பதில் சொல்லின.

பொன்னுசாமி தன் அறைக்குத் திரும்பி, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சடையப்பனிடம் நீட்டினார்.

“இதை எடுத்துகினு போப்பா.”

“சார்…”

“நீ சொன்னது சரிதான். ரூமுக்குப் பொறுப்பா இருக்கறவங்க பூஜையன்னிக்கு ரூமுல இருக்கணும். அந்தம்மா இருக்கறேன்னு சொல்லிடுச்சே. அப்புறம் உன் மனுவுக்கு இன்னா வேல?” கொஞ்சம் நிறுத்தி, “டேப்பு போனதுக்கு, மேல எடத்துலேர்ந்து எனக்கும் அந்தம்மாவுக்கும் ஒரு மெமோ வரும். வாங்கிக்குவோம். வேல அந்தம்மாவுதுதான். இந்த மாசக் கடைசில திருப்தின்னு எழுதிடுவேன்” என்றார்.

சடையப்பன் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் அந்தப் பையின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இனிமேல் கூலித் தறிதான்.

லீலாவுக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று காசியம்மாள் எதிர்பார்த்தாள். “பாத்தியா, பாத்தியா?” என்று தோளைப் பிடித்து ஆட்டினாள். “சிரிக்கக் கூடாதா? பல்லு கொட்டிப்பூடுமா?”

“வேல கெடக்குதுக்கா.”

வேலை கிடந்தது. அப்பா டேப்பை வளையமில்லாமல் ஒரு பெட்டியில் மாட்டினாள். பக்கத்துப் பெட்டியில் புது டேப்பை வளையத்தோடு மாட்டினாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். நகல் எடுத்து முடிந்ததும் பீரோவைத் திறந்து பெரணமல்லூர் மனுக்கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். மாணிக்கவேல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நான் படிக்கிறேன், நீங்க அடிங்க. மூணாம் நம்பரக் கூப்பிட்டவன் நான்தானே.”

“நீ சரியாத்தான் கூப்பிட்ட.”

“ஆனாலும்…” என்று சொல்லிவிட்டு அவன் முதல் தாளைப் படித்தான். “சின்னப்பையன், தகப்பனார் பேர் திருமலை. தறி ரெண்டு. ஊடை, பாவு ரெண்டும்…”

அவள் அடித்தாள். மத்தியானம் அருணகிரி கிளம்பிப் போனான். போகும்போது கதவோரம் நின்று ஏதோ சொல்ல வந்தான். அவள் நிமிராததால் போய்விட்டான். விரல் இடுக்குகளில் சிவப்பு இருந்தது. ஸ்பிரிட் போட்டும் போகவில்லை. தாள்களைத் திருப்பும்போது ஓரங்களில் ஒட்டியது. அவள் அதைப் பார்த்தாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பெயர், தகப்பன் பெயர், தறி.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சடையப்பன் நின்றிருந்தான். காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை போலிருந்தது. சேவூர் பஸ் வந்ததும் இருவரும் ஏறினார்கள். கூட்டம். அவன் பின்னால் நின்றுகொண்டு வந்தான். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. கோட்டை மைதானம் தாண்டியதும் முன்னால் நகர்ந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணி.”

“ம்.”

“எம்மேல கோவமா?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், தேடிப் பார்த்ததுபோல் இருந்தது. கோபம் இருந்தால் சொல்லிவிடலாம். அவன் மேல் இரக்கம் இருந்தாலும் சொல்லலாம். இரண்டும் கையில் அகப்படவில்லை.

“இல்ல தம்பி,” என்றாள். “நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போவணும். தனகோடிகிட்ட சொல்லிடு, எனக்குச் சோறு கட்ட வாணாம். அங்கயே எதுனா துன்னுக்கறேன்.”

“எத்தினி நாளைக்கு?”

“தீபாவளி வரைக்கும் அடிக்கணும்.”

“பட்டு நூலு தாமசமாவுமா?”

“ஆவும். கொஞ்சம்.”

அவன் தலையாட்டினான். அவன் நெய்கிற தறிக்கும் அந்த நூல்தான் வர வேண்டும். பஸ் சேவூரில் நின்றது. அவன் முதலில் இறங்கி, படிக்குப் பக்கத்தில் நின்றவர்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவள் இறங்குகிற வரைக்கும் நின்றான்.